சார்

"சார், என்னை விட்டுடுங்க சார். நான் எங்கயும் வரல சார்."

நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அல்மாஸ் கதறினாள். அவள் கெஞ்சியது போலீஸ்காரரிடம் அல்ல. கட்டிய கணவன் சேக் பரீதிடம்.

கடலூர் முதுநகரின் அந்தச் சின்னத் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. வேலை இருந்தவர்கள்கூட அதைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி பின்கதவைத் திறந்தபடி நின்றது. அதில் வந்திருந்த நர்சுகள் இரண்டு பேர், நிலையைப் பிடித்திருந்த அல்மாஸின் விரல்களை மெதுவாகப் பிரித்தார்கள். அவள் திமிறிக்கொண்டு புருஷனின் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் கையை உதறவில்லை. கடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

"ஒடம்புக்கு என்னப்பா?" என்று கேட்டார் எதிர்வீட்டு ஆரோக்கியராஜ்.

"ஜுரம்ண்ணே."

அவ்வளவுதான் சொன்னான். ஜுரத்துக்கு யாராவது இப்படிக் கதறுவார்களா? கூட்டத்துக்கு மற்ற எதையும்விட அந்தப் பொய்தான் ஆத்திரமூட்டியது.

பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. நடுவில் ஒரே சுவர். சேக் பரீது அங்கே வாடகைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வந்த புதிதில் அந்த வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது. இப்போது சில நாளாகத்தான் சுவரைத் தாண்டி அந்தக் குரல் வருகிறது. சாப்பாடு வேண்டாம் சார், கதவைத் திறந்துவிடுங்கள் சார் என்று.

"பொண்டாட்டிய சார்னு கூப்புட வச்சிருக்கான்னா, உள்ள என்னா அடி அடிச்சிருப்பான்? வெளியில பூட்டு வேற. பைத்தியம்னு பட்டம் கட்டித் தள்ளிட்டா, இன்னொருத்திய கொண்டாந்துடலாம் பாரு" என்றாள், அவன் காதில் விழும்படியே.

சேக் பரீது திரும்பிப் பார்க்கவில்லை. தில்லையம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு தானே வண்டியில் ஏறினாள். டாக்டரிடம் நியாயம் கேட்காமல் விடுவதில்லை என்றாள். அவன் தடுக்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தான்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அறிவுமதி, தில்லையம்மாள் கொட்டியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு அல்மாஸிடம் தனியாகப் பேசினார். இன்னொரு டாக்டரும் வந்து பார்த்தார். அவள் சம்மதிக்காவிட்டாலும் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று இருவரும் சொன்னார்கள்.

"சாப்பாட்டுல விஷம் இருக்குன்னு பயந்து பட்டினி கெடக்குறாங்கம்மா. தண்டவாளத்துல போயி நின்னுருக்காங்க. இப்ப அனுப்பினா உயிருக்கே ஆபத்து."

புருஷன்காரன் சொன்னதை டாக்டரும் நம்பிவிட்டார் என்று தில்லையம்மாள் முடிவு கட்டினாள். கடலூர் திரும்பும் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தக் குரல் இல்லாத சுவர் அவளைத் தூங்கவிடவில்லை. மூன்று வாரம் போனதும், கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, நேரே சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அல்மாஸ் கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் தட்டில் இருந்த இட்லி பாதி காலியாகியிருந்தது. வராந்தாவில் காத்துக் கிடந்த சேக் பரீது, தில்லையம்மாளைப் பார்த்ததும் எழுந்து, டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"பயப்படாத. எங்க அக்கா மவன் கடலூர்ல வக்கீலா இருக்கான். ஒரு புகார் குடுத்தா போதும். ஒன்ன வெளிய எடுத்துட்டு இவன உள்ள தள்ளிடலாம்."

அல்மாஸ் சீப்பில் இருந்த முடியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

சேக் பரீது டீயோடு உள்ளே வந்தான். மணிக்கட்டில் பல் தடம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

"மச்சான், மொதல்ல அக்காவுக்குக் குடுங்க" என்றாள் அல்மாஸ்.

தில்லையம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். "மச்சானா? சார்னுல்ல கூப்புடுவ?"

அல்மாஸ் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"மொத தடவ எனக்கு முடியாமப் போனப்ப, இவுங்கள என்னைப் புடிச்சிட்டுப் போக வந்த போலீசுன்னு நெனச்சிருக்கேன்க்கா. சார் சார்னுதான் கூப்புட்டேனாம். கொணமானதும் நானே இவுங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன். இனிமே என்னைக்கு என் வாயில சார்னு வருதோ, அன்னைக்கே கொண்டாந்து சேத்துடுங்க. நான் அழுவேன், கால்ல விழுவேன், எதையும் கேக்காதீங்க மச்சான்னு."

தில்லையம்மாள் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. சேக் பரீது தரையைப் பார்த்தபடி நின்றான்.

அல்மாஸ் எட்டி அவன் கையைப் பிடித்தாள். அந்தப் பல் தடத்தைத் தடவியபடியே சொன்னாள்:

"ஆனாலும் இவுங்க மேல எனக்கும் ஒரு புகார் இருக்குக்கா. மொத சார்லயே என்னை இங்க இழுத்தாந்திருக்கணும். விடிஞ்சா மச்சான்னு கூப்புட்டுடுவா, விடிஞ்சா கூப்புட்டுடுவான்னு அத்தன நாளும் காத்துக் கெடந்திருக்காங்க."