வெறுங்கையில் பேசிய போன்

கண்டியில் ஒரு கல்லூரி மண்டபத்தில், எழுதிய வசனம் இல்லாமல் உடனுக்குடன் நகைச்சுவை நாடகம் போடும் பயிற்சி நடந்தது. கெலிஓயா ஊரிலிருந்து வந்த, சித்தி றலியா என்ற மாணவி மேடையில் வெறுங்கையைக் காதில் வைத்தாள்.

"வாப்பா, எப்ப வாறீங்க? உம்மா புட்டு அவிச்சீக்கி."

அவளுடைய வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து இரண்டு வருடம். ஏன் அவரை அழைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தந்தையாக நடிக்க எதிரே சக மாணவன் முத்துலிங்கம் நின்றான். அவள் சற்றுக் கேட்டிருந்துவிட்டு, "சரி, கெதியா வாங்க" என்றாள். கூட்டம் சிரித்தது.

மேடைக்குப் பின்னால் முத்துலிங்கம், "மன்னிச்சுக்கங்க, எனக்குப் பேச்சே வரல" என்றான்.

"கம்பளையில பஸ் ஏறிட்டேன்னு சொன்னீங்களே?"

"நான் வாயே தொறக்கலங்க."

அரை மணி நேரத்தில் உம்மா அழைத்தார்.

"மகள், வெள்ளன வாங்க. வாப்பா வந்தீக்கிறாரு."

அந்தக் குரலில் பதற்றமே இல்லை.

"அவருக்கிட்டக் குடுங்க, உம்மா."

"பொறுங்க, கால் கழுவுறாரு."

வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.