நான்காவது கட்டம்

அழிக்கும் பொத்தானை மூன்றாவது முறையாக அழுத்தினாள்.

சொல் அழியவில்லை.

'மூன்று ஆதாரங்கள் உள்ள சொல்லை நீக்க இயலாது.' சிவப்பு எழுத்தில் வந்தது.

ஆதாரங்களைத் திறந்து பார்த்தாள். மூன்றும் வேறு வேறு இணைய அகராதிகள். மூன்றும் அவள் பக்கத்தைப் பார்த்து எழுதியவை.

அந்தச் சொல்லை உண்டாக்கியவள் அவள்தான். ஆறு மாதத்துக்கு முன்பு. இதே நாற்காலியில்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை. அதன் மாடியில் நாற்பது மொழிகளுக்கு இணைய அகராதி தயாரிக்கும் அலுவலகம். அவளுக்கு வாய்த்தது ஸ்லோவேனிய மொழி. அது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஓர் ஆங்கிலச் சொல், அதன் பொருள், அதன் பிறப்பு, அதற்கு ஸ்லோவேனியச் சொற்கள் நான்கு. பழைய அகராதிகளைப் பார்த்து நிரப்ப வேண்டும். நான்கு கட்டமும் நிரம்பாமல் பக்கம் மூடாது.

அன்று வந்த ஆங்கிலச் சொல், டாடில்.

பொருள்: மசமசவென்று பொழுதைப் போக்குதல்.

பிறப்பு: உறுதியாகத் தெரியவில்லை.

ஸ்லோவேனியச் சொற்கள் மூன்றுதான் கிடைத்தன.

மணி ஆறே முக்கால். ஆறு மணிக்கு அழைத்துப்போக வருவதாகச் சொன்ன கணவன் கோதண்டம் வரவில்லை. அந்த மொழியில் வினைச்சொற்கள் பலவும் 'ஆத்தி' என்று முடிவதை அவள் கவனித்திருந்தாள்.

நான்காவது கட்டத்தில் 'கோதண்டாத்தி' என்று அடித்தாள்.

பக்கம் மூடிக்கொண்டது.

இன்று கடிதம் வந்துவிட்டது.

அலோயிஸ் என்று ஒருவர். ஸ்லோவேனியாவில் ஏதோ மலையூர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எழுபத்தொரு வருடமாக இந்த மொழியைப் பேசிவருகிறேன், கோதண்டாத்தியை நான் கேட்டதில்லை, எங்கள் நாட்டில் எந்தப் பக்கத்து வழக்கு என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம்தான் ஹங்கேரிய மொழியைப் பார்த்துவந்த செல்லையா, ஒரு சொல்லை இட்டுக்கட்டியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அவன் டிபன் பாக்ஸ் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மேலாளர் ஜெபசீலி. அவளைவிடப் பத்து வயது இளையவள்.

"ஜெபா, ஒரு சொல்லை எடுக்கணும்."

"எத்தனை சோர்ஸ் இருக்கு?"

"மூணு."

"பிறகு எதுக்குக்கா எடுக்கணும்?"

நாற்காலிக்குத் திரும்பினாள். மணி ஆறு பத்து. கணவனுக்குப் போன் போட்டாள்.

"எங்க வாரீய?"

"இந்தா, வண்ணாரப்பேட்டை தாண்டிட்டேன்."

வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டு அந்த ஆசிரியருக்கு எழுதினாள்.

'ஐயா, அது உங்கள் மொழிச் சொல் அல்ல. என் கணவரின் பெயர். ஆறு மணிக்கு வருகிறேன் என்பார். இப்போதுதான் குளிக்கிறார். தவறு என்னுடையது. மன்னிக்கவும்.'

போகும் கடிதம் ஒவ்வொன்றின் பிரதியும் ஜெபசீலிக்குத் தானாகப் போய்விடும். அனுப்பினால் வேலை போகும்; இந்த வேலைக்காக ஏழு இடங்களில் ஏறி இறங்கியிருந்தாள்.

அனுப்பினாள்.

பிறகு அலமாரியைத் திறந்து, எப்போதும் அங்கேயே இருக்கும் தன் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஜெபசீலி தலை தூக்கினாள். குனிந்தாள். வாசித்தாள். மறுபடி தூக்கினாள்.

ஆறு இருபத்தைந்துக்கு இன்னொரு போன்.

"எங்க?"

"சிக்னல்ல நிக்கேன். ஒரே கூட்டம்."

போனில் பீரோக் கதவு கிறீச்சிட்டது.

ஜெபசீலி எழுந்து வந்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"அக்கா, செல்லையா விஷயம் உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"இப்ப நான் என்ன செய்ய?"

திரை மினுங்கியது. பதில் ஸ்லோவேனியாவிலிருந்து வந்திருந்தது. இருவரும் சேர்ந்து வாசித்தார்கள்.

'அம்மையாருக்கு. உங்களுக்கு மாலை, எங்களுக்கு மதியம். உங்கள் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். சூப் ஆறுகிறது என்று அவள் சன்னலிலிருந்து கத்தினாள். நான் வருவதாகச் சொன்னேன். இரண்டாவது முறை உங்கள் சொல்லைச் சொல்லிக் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே பார்த்துச் சிரித்தார். அவருக்கு யாரும் பொருள் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நீக்க வேண்டாம்.'

ஜெபசீலி இன்னொரு முறை வாசித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வந்துட்டாங்களா?"

"சிக்னல்ல நிக்காங்களாம்."

"ம்."

ஜெபசீலி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது.

"இத நாலாவது சோர்ஸ்னு போட்டுருங்க. ஆனா அக்கா, இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா, செல்லையா டப்பா மாதிரி உங்க டப்பாவும் ஆளில்லாமக் கெடக்கும்."

போய்விட்டாள்.

ஆதாரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அவள் அடித்தாள். 'பேச்சு வழக்கு.'

மணி ஆறு ஐம்பது. கீழே ஹாரன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. உடனே போனும் வந்தது.

"ஏளா, நான் வந்து ரெண்டு நிமிசம் ஆச்சு. மேல என்ன மசமசன்னு?"

"இந்தா, படியில எறங்கிட்டே இருக்கேன்."

நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னாள்.

பிறகு பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். திறந்து பார்த்தாள். மூடினாள். அலமாரியில் அதன் பழைய இடத்திலேயே, நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, வைத்தாள்.