இடது தோள் மட்டும்

கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார் மெக்கானிக்.

அவன் மூடிக்கொண்டான். பைக் சென்டர் ஸ்டாண்டில் அசையாமல் நின்றது.

அப்படியே கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். முழங்கை லேசாக மடங்கியிருந்தது. முதுகு நேராக இருந்தது. தோள் இரண்டும் இறங்கியிருந்தன. படம் எடுத்துச் சுவரில் மாட்டலாம்.

மெக்கானிக்குக் கோபம் வந்தது.

இது மூன்றாவது முறை. முதல் முறை ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை உயர்த்தியிருந்தார். அடுத்த முறை அதை நெஞ்சுப் பக்கமாகத் திருப்பி, கைப்பிடிக்குத் தடித்த ரப்பர் போட்டுக் கொடுத்தார். பாரத்தைக் கையில் கொடுக்கக் கூடாது, முட்டியால் டேங்கைக் கவ்விக்கொள்ள வேண்டும், மணிக்கொரு தரம் இறங்கிக் கையைச் சுழற்ற வேண்டும் என்று பாடமும் எடுத்தார். இறங்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் செய்தான்.

வலி அப்படியே இருந்தது. இடது தோளில் மட்டும்.

ஹேண்டில்பார் கோளாறு என்றால் இரண்டு தோளும் அல்லவா வலிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். பைக்கை எடுத்துக்கொண்டு தெருவைத் தானே இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். அவர் தோள் வலிக்கவில்லை. அது அவரை மேலும் அவமானப்படுத்தியது.

அவனுக்குக் காரணம் தெரியும். சொல்ல முடியாது.

காரணம் ஷெட் வாசலில், பெஞ்சில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தது. ஷெட்டை மேற்பார்வை பார்ப்பதுபோல் கழுத்தை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தது.

மாமனார் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஸ்டியரிங் முன்னால் ஒரு தடவைகூடக் கண் அசந்ததில்லை என்பதை யாரும் கேட்காமலே சொல்வார். அடுத்தவன் ஓட்டும் பஸ்ஸில் அவரால் போக முடியாது. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வீங்கிவிடும். போன வருடம் டிரைவரிடம் வாயைக் கொடுத்து நடுவழியில் இறக்கிவிடப்பட்டார்.

ஆனால் மாதம் ஒரு முறை, நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். விட்டால் பார்வை போய்விடும்.

மகள் அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள், கடைசியில் அவரை இவன் பைக்கில் ஏற வைத்தாள். அது ஆறு மாதத்துக்கு முன்னால்.

அவனோடு அவர் பேசுவதில்லை. அவரைக் கேட்காமல் நடந்த கல்யாணம். சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது சொல்வார். யாரும் இல்லாத ரோட்டில் பையிடம் சொல்வார், பள்ளம் வருகிறது என்று. பை இருவருக்கும் நடுவில் காம்பவுண்டுச் சுவர் மாதிரி இருக்கும்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஹெல்மெட் வந்து அவன் இடது தோளில் விழும்.

சரிந்துவிடக் கூடாதே என்று தோளைத் தூக்கி முட்டுக் கொடுப்பான். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். நிறுத்தினால் விழித்துக்கொள்வார். தோள் குலுங்கக் கூடாதென்று கிளட்சைப் பட்டும் படாமலும் பிடிப்பான். கியர் முனகிக்கொண்டு மாறும். ஆஸ்பத்திரித் திருப்பத்துக்கு முன்னால் காரணமே இல்லாமல் ஒரு ஹார்ன் அடிப்பான். ஹெல்மெட் விலகிக்கொள்ளும்.

உள்ளே போனதும் மாமனார் நர்ஸிடம் புகார் சொல்வார். வழியெல்லாம் கவனித்துக்கொண்டுதான் வந்தாராம், வண்டி ஓட்டுகிறவருக்கு ஓர் இடத்தில்கூட ஒழுங்காகக் கியர் மாற்றத் தெரியவில்லையாம்.

நீங்கள் தூங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த மாதம் அவர் ஏறமாட்டார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் வாயில் எதுவும் தங்காது. அவன் தைலம் தேய்த்துக்கொண்டான்.

பின்னால் உட்காருகிறவரையும் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்றார் மெக்கானிக்.

அவன் நேரமாகிவிட்டது என்றான். அதற்குள் மாமனார் சிவப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். பை நடுவில் வந்தது.

அவ்வளவுதான். அவனுடைய இடது தோள் தானாக எழுந்தது.

மெக்கானிக் இறக்கச் சொன்னார். இறக்கினான். ஏறியது. கையை வைத்து அழுத்தினார். கையை எடுத்ததும் ஏறியது. சுற்றி வந்து பார்த்தார். ஜாக்கெட்டின் இடது தோளில் சிவப்புப் பெயிண்ட் ஈஷியிருந்தது. ஹெல்மெட்டைப் பார்த்தார். மறுபடி தோளைப் பார்த்தார்.

"ஐயா வழியில கொஞ்சம் கண் அசந்துடுவாரோ?"

"மாமாவா? சேச்சே. கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு வருவார்."

அடுத்த மாத ஊசியை நினைத்துக்கொண்டான்.

மாமனார் ஹெல்மெட்டைக் கழற்றினார். காலருக்கு மேலே, பிடரியில், வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்று எட்டிப் பார்த்தது.

"தோளை அவ்வளவு உசரத்துக்குத் தூக்க வேணாம்னு வண்டி ஓட்டுறவர்கிட்ட சொல்லுங்க," என்றார் மெக்கானிக்கிடம். "ஆறு மாசமா எனக்குக் கழுத்து பிடிச்சுக்குது."

மெக்கானிக் ஒரு சாண் தள்ளியிருந்த அவன் முகத்தைப் பார்த்துத் திரும்பி, அதைச் சொல்ல வாயெடுத்தார்.

"விடுங்க," என்றார் மாமனார். "மாப்பிள்ளைக்குக் காது கேக்கும்."