எதிர்வீட்டு மீட்டர்

“அம்மா, நீ பஸ்ல வந்தா நம்ம வீட்ல லைட் எரியாதா?” என்று கற்பகவல்லியின் மகள் ஒருநாள் கேட்டாள். எரியாதுதான். வேலை முடிந்து ஓடிவருபவரின் காலணியில் சேரும் மின்சாரம்தான் அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும். காலணியைக் கழற்றிப் படிக்கட்டிலுள்ள வீட்டு மீட்டரில் மாட்டினால் விளக்கு எரியும்.

கற்பகவல்லி காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் வீட்டில் விளக்கு எரிந்தது. யாரோ தன் காலணியை அவள் மீட்டரில் மாட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு ஜெபமணியைக் கேட்டாள்.

“எனக்கென்னக்கா தெரியும்? ஆண்டவர் ஓடியிருப்பாரு.”

அந்த மூன்று நாளும் அவன் வீடுதான் இருட்டாக இருந்தது.

இந்த வாரம் ஜெபமணிக்குக் கால் பிசகிவிட்டது. பிரசவமான மனைவியும் குழந்தையும் நேற்றுதான் வீடு வந்திருந்தார்கள்.

மாலையில் ஓடிவந்த கற்பகவல்லி, படிக்கட்டில் யாரும் இல்லாதபோது தன் காலணியை ஜெபமணியின் மீட்டரில் மாட்டினாள். உள்ளே மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டதும், வெறுங்காலோடு தன் இருட்டு வீட்டுக்குள் போனாள்.