கப்பல்காரர் தேடி வந்த வீடு

“மூணு மணிக்கு பஸ் கிளம்பிடும் தம்பி. அதுக்குள்ள என்னைத் திரும்ப இங்கயே கொண்டாந்து விட்டுடணும். முடியுமா?”

கடற்கரைக் காந்தி சிலை அருகே ஆட்டோவைப் போட்டுவிட்டு நின்ற அரிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தான். கேட்டவரின் தலையில் தொப்பி, கழுத்தில் கப்பல் கம்பெனியின் அட்டை. வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சென்னைத் துறைமுகத்தில் நின்ற உல்லாசக் கப்பலிலிருந்து இரண்டு பஸ்களில் இந்த ஊருக்கு வந்து இறங்கியிருந்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவே இவர் ஒருவர்தான் தமிழ் முகம்.

“ஏறுங்க சார். சுனாமிக்கு அப்புறம் கப்பல் ஆளுங்களைப் பார்க்கறதே இப்பத்தான். எங்க போவணும்?”

“காஜியார் தெரு. போற வழியில சம்பா கோயில்ல ஒரு நிமிஷம் நிறுத்து.”

பெயர் மிக்காயேல் என்றார். பிரெஞ்சு நாட்டு மார்செய் நகரத்தில் இருக்கிறாராம். ஆட்டோ நகர்ந்ததும் கடல் பக்கம் தலையை நீட்டினார். அலைகளுக்கு நடுவே சில தூண்கள் மட்டும் துருப்பிடித்து நின்றன.

“அதானே பழைய பாலம்? கப்பல் தூரத்துல நிக்கும். படகு இங்கேருந்துதான் கிளம்பும்.”

“அதெல்லாம் அந்தக் காலத்துப் புயல்ல போயிடுச்சு சார். எங்கப்பா சொல்வாரு.”

சம்பா கோயில் வாசலில் இறங்கி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றார். திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் இந்த மதில் ஓரமா சூடா வேர்க்கடலை விப்பாங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள பொட்டலம் காலியாயிடும்.”

“எத்தினி வருஷம் ஆவுது சார்?”

“அம்பத்தஞ்சு வருஷமா இந்த ஊரு நெனப்புதாம்பா.”

காஜியார் தெருவில் நுழைந்ததும் அவர் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். “மெதுவா, மெதுவா. இப்ப இடது பக்கம் ஒரு தெருக்குழாய் வரும். அதுக்கு எதிர்ல பச்சைக் கதவு.”

குழாய் இருந்தது. எதிரே செல்போன் கடைதான் இருந்தது.

மிக்காயேல் இறங்கி அந்தக் கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துத் தையல் கடையில் போய்த் தயங்கித் தயங்கி, “இங்க கனீஸ் பாத்திமான்னு ஒருத்தங்க...” என்றார்.

“நம்ம ஸைத்தோட அம்மாதானே? வீட்டை வித்துட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆச்சே. லாஸ்பேட்டைல இருக்காங்க” என்ற தையல்காரர் அடையாளமும் சொன்னார்.

மணி இரண்டரை.

“போய்ட்டு வந்துடலாமாப்பா? பஸ் போனாலும் பரவாயில்ல.”

“கப்பல் போயிடுமே சார்!”

“போனா போவுது. அவங்களைப் பார்த்தே ஆகணும்.”

அரிகிருஷ்ணனுக்கு ஏதோ புரிந்தது மாதிரி இருந்தது. இவர் கிறிஸ்தவர், அந்தம்மா முஸ்லிம். அந்தக் காலத்தில் யார் சம்மதித்திருப்பார்கள்? மனம் கேட்காமல், “வீட்ல ஏத்துக்கலையா சார்?” என்று கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டான்.

மிக்காயேல் லேசாகச் சிரித்தார். “ஒரு கோவம் தம்பி. அம்பத்தஞ்சு வருஷத்துக் கோவம். இன்னிக்குத் தீர்ந்துடணும்.”

அவன் வண்டியை விரட்டினான்.

லாஸ்பேட்டை வீட்டின் கதவைத் திறந்த மூதாட்டி வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“ஸைத் கடைக்குப் போயிருக்கானே. நீங்க யாரு?”

“நீங்க கனீஸ் பாத்திமாதானே? புருவத்துல அந்தத் தழும்பு அப்படியே இருக்கு. முருங்கை மரத்துலேருந்து விழுந்தது.”

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். “அட, எங்க தெருவா நீங்க?”

“உங்க அத்தா கடைக்குப் போனதும் ரெண்டு பேரா பாலத்துக்கு ஓடி, பொரி தின்னுக்கிட்டே கப்பலை எண்ணினது ஞாபகம் இருக்கா?”

சுருங்கிய முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. ஆனால் மிக்காயேல் சிரிக்கவில்லை.

“கப்பலேத்திவிட வர்றேன்னு சொன்னீங்களே. பாலத்துல கடைசிப் படகு வரைக்கும் காத்திருந்தும் வரலையேம்மா. ஏன்?”

கேட்டருகே நின்ற அரிகிருஷ்ணன் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

“அன்னிக்கு எனக்கு உடம்பெல்லாம் அம்மை” என்றாள் கனீஸ் பாத்திமா. “எழுந்திரிக்கக்கூட முடியல. சேதி சொல்ல ஆள் அனுப்பினேன். அவன் போறதுக்குள்ள படகு போயிடுச்சு. கடுதாசி வரும் வரும்னு பார்த்தேன். ஒண்ணுகூட வரல...”

பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாலத்துல காத்திருந்தது ஜோசெத்து ஆச்சே! பக்கத்து வீட்டு ஜோசெத்து. பொரி தின்னதும் நானும் அவளும்தான். எங்க தெருவுல உங்களை நான் பார்த்ததே இல்லையே?”

மிக்காயேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“பார்த்திருக்க முடியாதும்மா. நான் பொறந்தது சைகோன்ல. ஜோசெத் அங்க வந்து இறங்கினப்புறம்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. ரெண்டு பேருமா வந்து உங்களைப் பார்க்கலாம்னுதான் இந்தக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தோம். அக்டோபர்ல அவ போய்ச் சேர்ந்துட்டா” என்றார். “நான் இந்த ஊருல காலை வச்சதே இன்னிக்குக் காலையிலதான்.”