ஏழாவது வீட்டுக் கறுப்பு

கல்யாணப் பெண்ணின் பல்லுக்குத் தீட்ட, இரும்பு ஊறிய கறுப்புச் சாற்றை ஏழு வீடுகளில் கேட்டு வாங்க வேண்டும் என்பது அந்த ஜப்பானியக் கிராமத்து வழக்கம். கறுப்பின் மேல் வேறு நிறம் ஏறாது, வந்தவள் மனமும் அப்படியே நிற்கும் என்று நம்பினார்கள். மாமியார் தோமே ஆறு வீடுகளில் வாங்கிவிட்டாள். மிச்சமிருந்தது எதிர்வீட்டுக் காஜி. அவளுடைய கோழி தோமேயின் கீரைப்பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "அவ மூஞ்சியில போய் முழிக்கவா?" என்று தோமே தன் வீட்டுச் சாற்றையே ஏழாவது கரண்டியாக ஊற்றிவிட்டாள்.

தீட்டியதும் பல் கறுக்கவில்லை, துருப்பிடித்த ஆணி மாதிரி பழுப்பேறி நின்றது. கண்ணாடியைப் பார்த்த மருமகள் ஃபுமி விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தை, எந்த வீட்டை விட்டீங்க?"

தோமே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடியே கிளம்பினாள். தெருவைத் தாண்டுவதற்குள் எதிர்வீட்டிலிருந்து காய்ச்சிய சாற்றின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. காஜி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

"காலையிலேர்ந்து சூடு ஆறாம வெச்சிருக்கேன்," என்றது உள்ளிருந்து குரல். "நீ வர்ற வேகத்துக்கு என் கோழியே வந்து சேர்ந்திருக்கும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் தோமே உதட்டைக் கடித்தாள். தன் கல்யாணத்திலிருந்து தீட்டிவரும் பல்லெல்லாம் கறுகறுவென்று தெரிந்துவிட்டது.