லைன்ல வந்த திட்டு

"ஆமாம்மா, நான்தான் திட்டினேன். தெனமும்தான் திட்டுதேன். அதுக்காக லைனை வெட்டிராதீக!"

சாத்தூர் நெட் ஆபீஸ் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அய்யம்மாள். அச்சங்குளம் பட்டாசு கம்பெனியில் வேலை விட்டு நேராக வந்திருந்தாள். கையில் ஒட்டிய வெள்ளிப் பொடி கூட இன்னும் போகவில்லை.

கவுன்டரில் இருந்த அனுப்பிரியா வேலைக்குப் புதுசு. இந்த ஆபீஸுக்கு லைன் கொடுக்கும் பெரிய கம்பெனியிலிருந்து அய்யம்மாள் வீட்டு லைனைப் பற்றிக் காலையில் மெயில் வந்திருந்தது. 'இந்த வீட்டு இணைப்பிலிருந்து அபியூஸ் நடக்கிறது. நாளை மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் துண்டிக்கவும்.'

முதலாளி ஸ்ரீராம்குமார், கேபிள் அறுந்துபோச்சு என்று வெம்பக்கோட்டைப் பக்கம் போயிருந்தார். அவர் வரும்வரை இந்தப் பிள்ளை சும்மா இருக்குமா? மத்தியானமே அய்யம்மாளுக்குப் போன் போட்டுவிட்டது. அபியூஸுன்னா என்னம்மா என்று அவள் கேட்க, "கெட்ட வார்த்தையில திட்டுறதுதான் அக்கா. உங்க வீட்டு லைன்ல யாரோ திட்டுறாங்களாம்" என்று விளக்கமும் சொல்லியாச்சு.

"யாரைத் திட்டுனீங்க?"

"எம் புருசனைத்தான். வேற யாரைத் திட்ட?"

"புருசனையா? நெட்லயா?"

"வீட்டுல கேமரா மாட்டியிருக்கும்மா. இங்கன போன்ல பேசுனா அங்கன கேக்கும். கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாக, தீப்பொறி பயம். சாப்பாட்டு நேரத்துல வாசலுக்கு வந்து, வாட்ச்மேன்கிட்ட போனை வாங்கி, அந்த மனுசனைப் பார்த்துத் திட்டிட்டுப் போவேன்."

"என்னன்னு திட்டுவீங்க?"

அய்யம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"'வெளங்காத மனுசா'ம்பேன். 'எடுபட்ட பயலே'ம்பேன். இன்னும் ரெண்டு மூணு இருக்கு. நீ கல்யாணம் ஆகாத பிள்ள, ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?"

"அவரு திருப்பித் திட்ட மாட்டாரா?"

"எங்க திட்ட? போன சீசன்ல கம்பெனியில தீப்பிடிச்சு ரெண்டு கையும் வெந்து போச்சு. விரல் மடங்காது. வீட்டுலயேதான் கெடக்காரு."

அனுப்பிரியாவுக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது.

"கை முடியாத மனுஷனையா இப்படித் திட்டுறீங்க? நல்லா இருக்காக்கா இது? நாலு ஆறுதல் வார்த்தை சொல்லணும், அத விட்டுட்டு..."

அய்யம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே திட்டலம்மா. லைன் மட்டும் இருக்கட்டும். அந்த மனுசன் ஒத்தையில கெடக்காரு. தின்னாரா, எங்கயும் விழுந்து கெடக்காரான்னு வேற எப்படித் தெரியும் எனக்கு?"

"இனி மரியாதையாப் பேசுவீங்களா?"

"சத்தியமாப் பேசுதேன்."

சத்தியம் வாங்கிய பெருமையை மறுநாள் முதலாளியிடம் சொன்னாள் அனுப்பிரியா. ஸ்ரீராம்குமார் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட என்னம்மா நீ! இந்த அபியூஸு அது இல்ல. அந்தக் கேமராவுல கடையில கொடுத்த பாஸ்வேர்டை மாத்தியிருக்க மாட்டாக. எவனோ ஒரு திருட்டுப்பய அதுக்குள்ள புகுந்து, அது வழியா அடுத்தவன் கம்ப்யூட்டரை எல்லாம் உடைக்கப் பார்க்கான். அதுக்குத்தான் புகார். நாமதான் போய்ச் சரிபண்ணிக் கொடுக்கணும். புருசனைத் திட்டுனா லைனை வெட்டணும்னா, நம்ம ஊர்ல ஒரு லைனும் மிஞ்சாது!"

அய்யம்மாளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அதுதான் வாட்ச்மேனிடம் கிடக்குமே. வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டார்.

அய்யம்மாளின் புருசன் சின்னச்சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் ஒரு கரண்டி துணியால் கட்டியிருந்தது. முன்னால் சோற்றுத் தட்டு. ஒரு பருக்கை கூடக் குறையவில்லை.

"நெட் கம்பெனியில இருந்து வந்திருக்கேண்ணே. கேமராவைப் பார்க்கணும்" என்று இவர் சொல்லி முடிக்கவில்லை, கேமராவே பேசியது.

"என்னங்க... சாப்பிட்டீகளா? கொஞ்சமாச்சும் சாப்பிடுங்க. முடியலைன்னா வச்சிருங்க. பரவாயில்ல."

அம்புட்டுதான். சத்தம் அடங்கிவிட்டது.

சின்னச்சாமிக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"கேட்டீகளா தம்பி? நேத்து சாயங்காலத்துல இருந்து இப்படித்தான் பேசுதா."

"மரியாதையாத்தானே பேசுறாக?"

"அதான் தம்பி பயமா இருக்கு!" அவர் குரல் உடைந்தது. "கை போனதுல இருந்து, பாக்குறவுக எல்லாம் ஐயோ பாவம்னு எழவு வீட்டுல பேசுத மாதிரியே பேசுதாக. இவ ஒருத்திதான் முந்தி எப்படித் திட்டுனாளோ அப்படியே திட்டுவா. அந்தச் சத்தத்தைக் கேட்டாத்தான் நமக்கு ஒண்ணும் ஆகலைங்கிற நெனைப்பு வரும். சிரிச்சுக்கிட்டே தட்டைக் காலி பண்ணிருவேன். இப்ப அவளும் 'என்னங்க'ன்னு ஆரம்பிச்சுட்டா. டாக்டர் கையை விரிச்சுட்டாரு போல. எங்கிட்ட மறைக்கா."

ஸ்ரீராம்குமார், வாட்ச்மேனிடம் அவள் போனைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பிடிக்க வேண்டுமே என்று அவசர அவசரமாக நம்பரை அழுத்தினார்.

"அக்கா, நெட் கம்பெனியில இருந்து பேசுறேன். தப்பு கேமராவுலதான், அதை நான் பார்த்துக்கிடுதேன். நீங்க இப்பவே பழையபடி அண்ணனைத் திட்டுங்க. இல்லைன்னா லைனை வெட்டிருவேன்!"